லினக்ஸ் கெர்னலின் பக்க ஸ்கேனைத் திருத்த விரும்பும் புதியவர்களுக்கு: முதல் பேட்ச் முதல் வெளியீடு வரை

நினைவகம் குறையும்போது எந்தப் பக்கத்தை, அதாவது நினைவகத்தின் எந்தச் சிறு துண்டை, வெளியேற்றலாம் என்று தேடுவதற்காக, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் தன் பட்டியல்களை ஸ்கேன் செய்கிறது. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில், 4 கேபி பக்கங்களாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள். அவற்றில் எதைப் பார்ப்பது, எத்தனையைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் எம்எம் கோப்புறையில் இருக்கும் விஎம்ஸ்கேன் டாட் சி என்ற ஒரே கோப்பில் முடிவாகிறது. அந்தக் கோப்பைப் படித்துவிட்டு, “இந்த நான்கு வரியை மாற்றினால் வேகம் கூடுமே” என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்த மாற்றத்தைப் பேட்சாக (மூலநிரலில் செய்யும் திருத்தத்தைக் காட்டும் கோப்பாக) அனுப்பிக் கெர்னலில் சேர்ப்பது வரை சொல்லும் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

இந்த வேலையில் நிரல் எழுத எனக்கு ஆன நேரம் சொற்பம். அளக்கவும், விளக்கம் எழுதவும், பதிலுக்காகக் காத்திருக்கவும் ஆன நேரம்தான் அதிகம். கட்டுரையும் அதே விகிதத்தில்தான் அமைந்திருக்கிறது. சி மொழி, கிட், கெர்னலை ஒருமுறையாவது கம்பைல் செய்து பூட் செய்த அனுபவம் ஆகியவை உங்களிடம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் கணினியில் எந்த முறை ஓடுகிறது என்று பாருங்கள்

விஎம்ஸ்கேனுக்குள் இரண்டு முறைகள் அருகருகே வாழ்கின்றன. பழையது ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்ற பட்டியல்களை வைத்து நடக்கிறது. ஒரு பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்று அறிய, அந்தப் பக்கத்தைச் சுட்டும் பக்க அட்டவணைகளை (எந்த முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுபவை) தலைகீழாகத் தேடிப் போகிறது. இதைத்தான் ஆர்மேப் என்பார்கள். செலவு பிடித்த வேலை. புதியது பல தலைமுறை எல்ஆர்யு, சுருக்கமாக எம்ஜிஎல்ஆர்யு; எல்ஆர்யு என்றால் நெடுநேரம் தொடப்படாததை முதலில் வெளியேற்றும் முறை. கூகுளில் இருந்த யூ ஜாவோ எழுதி, 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் சேர்ந்தது. இது புராசஸ்களின் பக்க அட்டவணைகளை நேராக நடந்து பார்த்து, தொடப்பட்டதைக் காட்டும் ஆக்சஸ்ட் பிட்களை மொத்தமாகத் திரட்டிக்கொண்டு, பக்கங்களை அதிகபட்சம் நான்கு தலைமுறைகளாகப் பிரிக்கிறது. பக்கங்கள் அடர்த்தியாக இல்லாத அட்டவணைப் பகுதிகளைத் தாண்டிப் போக ப்ளூம் ஃபில்டர் (ஒன்று ஒரு தொகுப்பில் இருக்கக்கூடுமா என்று சிறிய இடத்தில் சொல்லும் அமைப்பு) வைத்திருக்கிறது.

எது ஓடுகிறது என்று அறிய, சிஸ் கோப்பு முறைமையில் கெர்னல், எம்எம், எல்ஆர்யு_ஜென் என்று இறங்கி எனேபிள்ட் என்ற கோப்பைப் படியுங்கள். கடைசி இலக்கம் 7 என்றால் எம்ஜிஎல்ஆர்யுவின் மூன்று அம்சங்களும் செயலில் இருக்கின்றன. 0 என்றால் பழைய முறை. அந்தக் கோப்புறையே இல்லையென்றால் உங்கள் கெர்னல் அந்த வசதி இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டிருக்கிறது.

இதைப் பார்க்காமல் ஷ்ரிங்க்_இன்ஆக்டிவ்_லிஸ்ட் செயற்கூற்றைத் திருத்திவிட்டு, எண்களில் எந்த மாற்றமும் இல்லையே என்று குழம்புபவர்கள் நிறையப் பேர். எம்ஜிஎல்ஆர்யு இயங்கும் கணினியில் அந்த வரிகளுக்கு வேலையே வராது.

2. குறை உண்மையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்

ப்ராக் கோப்பு முறைமையில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்புதான் தொடக்கம். அதில் பிஜிஸ்கேன் என்று தொடங்குபவை எத்தனை பக்கங்கள் பார்க்கப்பட்டன என்றும், பிஜிஸ்டீல் என்று தொடங்குபவை எத்தனை மீட்கப்பட்டன என்றும் சொல்லும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஸ்கேனின் பலன் விகிதம் கிடைக்கும். நூறு பக்கத்தைப் பார்த்து தொண்ணூறை மீட்டால் திருத்த அதிகம் இல்லை. நூறில் ஐந்துதான் கிடைக்கிறது என்றால் அங்கே விசாரிக்க வேண்டியது இருக்கிறது.

கேஸ்வாப்டி, டைரக்ட் என்ற இரண்டு பின்னொட்டுகளையும் கலந்துவிடாதீர்கள். கேஸ்வாப்டி என்பது நோடுக்கு (நினைவகத் தொகுதிக்கு) ஒன்றாகப் பின்னணியில் ஓடும் திரெட். அது ஸ்கேன் செய்வதைப் பயனர் பெரும்பாலும் உணர்வதில்லை. டைரக்ட் என்றால் நினைவகம் கேட்ட புராசஸே நின்று ஸ்கேன் செய்கிறது. அந்தத் தாமதம் நேரே பயனர் தலையில் விழும். டைரக்ட் எண்ணிக்கையைக் குறைக்கும் பேட்ச், மொத்த ஸ்கேன் சற்றுக் கூடினாலும் வரவேற்கப்படலாம்.

இன்னும் இரண்டு இடங்களையும் பாருங்கள். ஒன்று, ஒர்க்கிங்செட்_ரீஃபால்ட் என்று தொடங்கும் எண்கள்: வெளியேற்றிய பக்கம் உடனே திரும்பக் கேட்கப்பட்டதா என்பதை இவை காட்டும். ஸ்கேனைக் குறைத்துவிட்டு ரீஃபால்ட்டைக் கூட்டிய பேட்சுக்கு மதிப்பில்லை. இன்னொன்று, ப்ராக்கின் கீழ் பிரஷர் கோப்புறையில் உள்ள மெமரி கோப்பு. 4.20 பதிப்பு முதல் இருக்கிறது. நினைவகத்துக்காகப் புராசஸ்கள் காத்திருந்த நேரத்தை 10, 60, 300 விநாடிச் சராசரிகளாகத் தருகிறது.

அடுத்து, கெர்னலைத் தொடாமல் தீரக்கூடியதா என்று சோதியுங்கள். ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகத்துக்கு மாற்றாக ஒதுக்கிய இடத்துக்கு, பக்கங்களை அனுப்பும் நாட்டத்தைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் இயல்பாக 60, 5.8 பதிப்பிலிருந்து 200 வரை வைக்கலாம். வாட்டர்மார்க்_ஸ்கேல்_ஃபேக்டர் இயல்பாக 10, அதாவது நினைவகத்தில் 0.1 சதவீதம், இதைக் கூட்டினால் கேஸ்வாப்டி முன்கூட்டியே விழித்துக்கொள்ளும், டைரக்ட் குறையும். எம்ஜிஎல்ஆர்யுவில் மின்_டிடிஎல்_எம்எஸ் என்ற அமைப்பு, அண்மையில் பயன்பட்ட பக்கங்களைக் குறிப்பிட்ட மில்லிவிநாடிகளுக்குக் காப்பாற்றும். இவற்றை மாற்றிப் பார்த்த முடிவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். “அமைப்பை மாற்றினாலே போதாதா?” என்ற கேள்வி நிச்சயம் வரும்.

3. இயந்திரமும் பணமும்

கட்டணம் எதுவும் கிடையாது. பதிவுக் கட்டணம் இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை, பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் தாளும் இல்லை. செலவெல்லாம் வன்பொருளில்தான்.

16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய மேசைக் கணினி போதும். நினைவக நெருக்கடியை உண்டாக்க, பூட் வரியில் மெம் என்ற அளபுருவை 4 ஜிபி என்று கொடுத்துவிடலாம். மூலநிரல் வரலாற்றுக்கும் கம்பைல் கோப்புகளுக்கும் சேர்த்து 50 ஜிபி ஒதுக்குங்கள். இடத்தை மிச்சப்படுத்த ஷாலோ குளோன் எடுக்காதீர்கள். கிட் பிளேம் இல்லாமல் இந்தக் கோப்பில் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள முடியாது. மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை உங்கள் கணினியில் ஏற்றப்பட்ட மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும். கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும்.

ஸ்வாப் சோதனைகள் எஸ்எஸ்டியில் ஓயாமல் எழுதும். உங்கள் அன்றாட வேலை இருக்கும் வட்டில் ஸ்வாப் வைக்காதீர்கள். சிறிய, மலிவான எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாக வாங்குவது இந்த வேலையில் நான் பரிந்துரைக்கும் ஒரே கொள்முதல்.

பிழை தேட க்யூஎம்யு மெய்நிகர் இயந்திரம் சிறந்தது. விர்ட்மி-என்ஜி என்ற கருவி இருந்தால் கம்பைல் செய்த கெர்னலை உடனே பூட் செய்து பார்க்கலாம். ஆனால் வேக அளவீட்டை மெய்நிகர் இயந்திரத்தில் மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். மேகத்தில் வாடகைக்கு எடுப்பதானால் முழு இயந்திரமாக, மணிக்கணக்கில் எடுத்து, சோதனை ஸ்கிரிப்ட் முழுவதும் தயாரான பிறகே மீட்டரைத் தொடங்குங்கள்.

4. சரியான கிளையில் தொடங்குங்கள்

லினஸ் டோர்வால்ட்ஸின் பிரதான மரத்தில் வேலை செய்தால் பேட்ச் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். நினைவக மேலாண்மைப் பகுதியைப் பராமரிப்பவர் ஆண்ட்ரூ மார்ட்டன். அவருடைய எம்எம் மரத்தில் எம்எம்-நியூ, எம்எம்-அன்ஸ்டேபிள், எம்எம்-ஸ்டேபிள் என்ற கிளைகள் உண்டு. புதிய பேட்ச் முதலில் நியூவில் விழுந்து, அடுத்து அன்ஸ்டேபிளில் சோதிக்கப்பட்டு, பிறகு ஸ்டேபிளுக்கு நகரும். நீங்கள் அன்ஸ்டேபிளின் மேல் எழுதுங்கள். அந்தக் கிளை அடிக்கடி ரீபேஸ் ஆகும். எந்தக் கமிட்டின் மேல் எழுதினீர்கள் என்ற அடையாளத்தைப் பேட்சிலேயே சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களை வைத்துக்கொண்டு நிரலைத் தேடாதீர்கள். 5.16 முதல், ஒன்று அல்லது பல பக்கங்களை ஒரே அலகாகக் கையாளும் ஃபோலியோ என்ற அமைப்பு வந்து, பேஜ் என்று முடிந்த பல செயற்கூறுகள் ஃபோலியோ என்று பெயர் மாறிவிட்டன.

5. மாற்றம் சிறியதாக இருக்கட்டும்

கெட்_ஸ்கேன்_கவுன்ட் என்ற செயற்கூறு புதியவர்களைச் சுண்டி இழுக்கும். பெயரில்லாப் பக்கங்களையும் (எந்தக் கோப்பையும் சாராதவை) கோப்புப் பக்கங்களையும் எந்த விகிதத்தில் ஸ்கேன் செய்வது என்று அது கணக்கிடுகிறது. அங்கே ஒரு எண்ணை மாற்றி உங்கள் கணினியில் 10 சதவீதம் முன்னேற்றம் காண்பது கடினமே இல்லை. அதே மாற்றம் 512 ஜிபி சர்வரில் என்ன செய்யும், ஸ்வாப்பே இல்லாத பெட்டியில் என்ன செய்யும், இசட்ராம் (பக்கங்களை நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) மட்டும் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் என்ன செய்யும் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. விகிதங்களையும் வரம்புகளையும் முதல் பேட்சுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பேட்சுக்கு ஏற்றவை வேறு. ஒரே பக்கத்தை வீணாக இரண்டாம் முறை பார்ப்பது, மீட்கவே முடியாத பக்கத்தை மறுபடி பட்டியலில் எடுப்பது, முடிவு ஏற்கெனவே தெரிந்த பிறகும் சுற்று தொடர்வது, எண்ணிக்கை தவறான கணக்கில் சேர்வது — இப்படிப்பட்டவை. இவை எந்தக் கணினியிலும் குறைதான். வாதாட வேண்டிய தேவை குறைவு.

ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் முன்னுரிமை 12-இல் தொடங்குகிறது. பட்டியலின் அளவை அந்த எண்ணால் வலப்புறம் பிட் நகர்த்துவதால், முதல் சுற்றில் ஏறத்தாழ 4096-இல் ஒரு பங்குதான் இலக்கு. ஒவ்வொரு சுற்றும் தோற்கத் தோற்க முன்னுரிமை எண் ஒன்று குறைந்து இலக்கு இரட்டிப்பாகிறது. முதல் சுற்றில் நீங்கள் மிச்சப்படுத்தியது, அதற்கடுத்த சுற்றுகளில் வட்டியோடு செலவாகலாம். ஆகவே ஒரே சுற்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

6. அளவீடு

உங்கள் பேட்ச் உயிர் பிழைப்பது இங்கேதான்.

சோதனைக்கு எளிய வழி, சிகுரூப் (புராசஸ்களின் குழுவுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) ஒன்றை உருவாக்கி மெமரி டாட் மேக்ஸ் வரம்பை இறுக்கி, அதற்குள் கெர்னலையே கம்பைல் செய்வது. எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது என்பதால் மதிப்பாய்வாளர்களுக்கும் பிடிக்கும். 5.19 முதல் மெமரி டாட் ரீக்ளெய்ம் என்ற கோப்பும் உண்டு; அதில் ஓர் அளவை எழுதினால் கெர்னல் அவ்வளவு நினைவகத்தை அந்த சிகுரூப்பிலிருந்து மீட்க முயலும். குறிப்பிட்ட ஒரு பாதையைத் தனிமைப்படுத்திப் பார்க்க அருமையானது. அகலமான சோதனைக்கு மெல் கோர்மனின் எம்எம்டெஸ்ட்ஸ் தொகுப்பு இருக்கிறது. அதைப் பழகவே சில நாள் ஒதுக்க வேண்டும்.

பொறிகள் இவை:

சிகுரூப் வரம்பால் நடக்கும் மீட்பு, பல கெர்னல் பதிப்புகளில், பொது விஎம்ஸ்டாட்டின் கேஸ்வாப்டி, டைரக்ட் எண்களில் சேராது. சோதனை முழுக்க ஓடியும் பிஜிஸ்கேன்_டைரக்ட் அசையவில்லை என்றால் திகைக்க வேண்டாம். அந்த சிகுரூப்பின் மெமரி டாட் ஸ்டாட் கோப்பைப் படியுங்கள்.

பழைய முறையின் பிஜிஸ்கேனையும் எம்ஜிஎல்ஆர்யுவின் பிஜிஸ்கேனையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். எம்ஜிஎல்ஆர்யு பக்க அட்டவணைகளை நடந்து பார்க்கும் வேலை அந்த எண்ணில் வராது. அது சிபியு நேரமாக வேறிடத்தில் செலவாகிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் கேஸ்வாப்டியின் சிபியு நேரத்தையும் வேலை முடிந்த மொத்த நேரத்தையும் எடுங்கள்.

பெரிய பக்கங்களின் அமைப்பு, சிபியு அதிர்வெண் ஆளுநர் இரண்டையும் சோதனை முழுவதும் ஒரே நிலையில் பூட்டி வையுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் கேஷைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டாவது ஓட்டம் எப்போதும் வேகமாகத்தான் வரும், அந்தப் புகழ் உங்கள் பேட்சுக்குப் போய்விடும்.

ஒருமுறை ஓட்டி எடுத்த எண்ணை அனுப்பாதீர்கள். திருத்தாத கெர்னலை மட்டும் பலமுறை ஓட்டி, அதற்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று முதலில் பாருங்கள். திருத்தாத கெர்னலே 4 சதவீதம் ஆடுகிறது என்றால் உங்கள் 3 சதவீத முன்னேற்றத்துக்குப் பொருளில்லை. தானே ஆடும் தராசில் குன்றிமணி நிறுத்த கதைதான். சராசரியோடு திட்ட விலக்கத்தையும் கொடுங்கள். மோசமான முடிவு வந்த சோதனையையும் சேர்த்து எழுதுங்கள். அதை நீங்கள் மறைத்தால் இன்டெல் நடத்தும் தானியங்கிச் சோதனை இயந்திரம் கண்டுபிடித்து எல்லோருக்கும் மடல் அனுப்பும்.

ஏன் வேகம் கூடியது என்பதற்கும் சான்று தேவை. விஎம்ஸ்கேனுக்கென்றே ட்ரேஸ்பாயின்ட்கள் (நிரல் ஓடும்போது நிகழ்வுகளைப் பதிவு செய்யும் இடங்கள்) இருக்கின்றன. டைரக்ட் மீட்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை பக்கம் எடுக்கப்பட்டது எல்லாம் கிடைக்கும்.

இறுதியாக, டீபக்_விஎம், லாக்டெப், கேசான் ஆகிய பிழை கண்டறியும் வசதிகளை இயக்கிய கெர்னலில் ஒருமுறை முழுச் சோதனையையும் ஓட்டுங்கள். வேக எண்களை மட்டும் இவை இல்லாத கெர்னலில் எடுங்கள். இவை இருந்தால் எல்லாமே மந்தமாகும்.

7. ஆவணங்கள்

கமிட் செய்திதான் முக்கிய ஆவணம். நான்கு வரி மாற்றத்துக்கு நாற்பது வரி விளக்கம் இருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வரிசை இப்படி இருக்கட்டும்: பயனருக்கு என்ன பாதிப்பு, நிரலில் அதன் காரணம் எங்கே, உங்கள் மாற்றம் என்ன, எந்த இயந்திரத்தில் என்ன எண்கள். வரிக்கு 75 எழுத்துக்குள் மடித்துவிடுங்கள். தலைப்பு வரி எம்எம், விஎம்ஸ்கேன் என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும். கிட் லாகில் அண்மைய பேட்சுகள் எப்படித் தொடங்குகின்றன என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள்.

சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். இந்த நிரலைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று நீங்கள் அளிக்கும் உறுதிமொழி அது. பெயர் மறைத்து அனுப்ப முடியாது. வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள், பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழி போதாது. சட்டப் பிரிவு வழியாக அந்தக் கடிதம் வர ஆகும் காலம் நீங்கள் நினைப்பதைவிட நீளம், ஆகவே நிரல் எழுதத் தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய கமிட் ஒன்று கொண்டுவந்த குறையைச் சரிசெய்வதானால் ஃபிக்ஸஸ் வரி சேருங்கள். அந்தக் கமிட் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பேட்சுகள் என்றால் முகப்பு மடல் எழுதுங்கள். இரண்டாம் பதிப்பு அனுப்பும்போது என்ன மாறியது என்பதைக் கமிட் செய்தியின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அது கமிட் வரலாற்றில் போய்ச் சேராது.

8. அனுப்புதல்

செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டி எச்சரிக்கைகளைத் தீர்த்த பிறகு, கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை ஓட்டி, அது சொல்லும் பராமரிப்பாளர்கள், மடல் குழுக்கள் எல்லாருக்கும் மடலில் அனுப்புங்கள். பெயர்களை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

மடல் வெறும் எழுத்தாக இருக்க வேண்டும்; எச்டிஎம்எல் மடலைக் குழுவின் சர்வர் தள்ளிவிடும். நிறுவன மடல் சர்வர்கள் டேப்களை இடைவெளிகளாக்கும், அடியில் ரகசியக் காப்பு வாசகத்தை ஒட்டும். அப்படி ஒட்டிய பேட்சை யாரும் எடுக்க மாட்டார்கள். சொந்த மடல் முகவரி வைத்து கிட் சென்ட்-இமெயில் கட்டளையால் அனுப்புங்கள். அதற்கு வழியில்லாதவர்களுக்கு பி4 என்ற கருவி இணையம் வழியே அனுப்பும் வசதி தருகிறது. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலிலிருந்து பேட்சை எடுத்துப் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

9. காலக் கணக்கு

ஒரு கெர்னல் பதிப்பின் சுற்று 9 அல்லது 10 வாரம். முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புதிய மாற்றங்களைப் பிரதான மரத்தில் சேர்க்கும் காலம். அந்த இரண்டு வாரத்தில் புதிய பேட்ச் அனுப்பாதீர்கள், படிக்க யாருக்கும் நேரமிருக்காது. அதன்பின் வாரந்தோறும் வரும் சோதனை வெளியீடுகளில் முதலாவதான ஆர்சி1 வந்த பிறகு ஆர்சி4 வரையிலான காலம்தான் என் கணிப்பில் நல்ல காலம். ஆர்சி6, ஆர்சி7 வேளையில் அனுப்பினால் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குத்தான்.

கருத்து வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ஒரு வாரமாவது பொறுக்காமல் நினைவூட்டாதீர்கள். பதிலே வராதது நிராகரிப்பு ஆகாது. பெரும்பாலும் உங்கள் விளக்கத்தைப் படித்தவருக்கு முடிவெடுக்க எண்கள் போதவில்லை என்றே கொள்ளுங்கள். நினைவூட்டும் மடலில் “பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்காமல் புதிய அளவீடு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

எல்லாம் கூடிவந்தால், ஆர்சி3 காலத்தில் ஏற்கப்பட்ட பேட்ச் அடுத்த மெர்ஜ் விண்டோவில் பிரதான மரத்துக்குப் போய், அதற்கும் இரண்டு மாதம் கழித்து வெளியாகும். ஏற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று, நான்கு மாதம். இடையில் இரண்டு, மூன்று பதிப்புகள் திருத்தி அனுப்ப நேர்ந்தால் ஒரு சுற்று கூடுதல். கல்லூரித் திட்டப்பணிக்காகவோ வேலை விண்ணப்பத்துக்காகவோ தேதி குறித்துக்கொண்டு இதில் இறங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

10. பதில் வந்த பிறகு

பதில்கள் சுருக்கமாகவும் வறட்டுத்தனமாகவும் இருக்கும். கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள். மடலின் உச்சியில் மொத்தமாக எழுதும் பழக்கம் அங்கே ஆகாது. கருத்து வந்த அன்றே அடுத்த பதிப்பை அனுப்பாதீர்கள், மற்றவர்கள் படிக்கச் சில நாள் விடுங்கள். யாரேனும் ரிவ்யூட்-பை (படித்துச் சரிபார்த்தேன் என்ற வரி) கொடுத்தால் அடுத்த பதிப்பில் அதை விடாமல் சேருங்கள். ஆனால் பேட்சின் போக்கே மாறிவிட்டால் அதை எடுத்துவிட்டு, எடுத்த காரணத்தையும் சொல்லுங்கள்.

பேட்ச் எம்எம் மரத்தில் சேர்ந்ததும் தானாக ஒரு மடல் வரும். அங்கிருந்தும் எடுக்கப்படலாம், கொண்டாட்டத்தை எம்எம்-ஸ்டேபிளுக்கு நகரும்வரை தள்ளிப்போடுங்கள். வெளியீட்டுக்குப் பிறகும் சில மாதம் அந்த மடல் பெட்டியைத் திறந்து வையுங்கள். உங்களிடம் இல்லாத ஏதோ ஓர் இயந்திரத்தில் வேகம் குறைந்ததாக அறிக்கை வந்தால், முதலில் கேட்கப்படுவது உங்கள் பழைய சோதனையின் கான்ஃபிக் கோப்பும், ஸ்கிரிப்டும், மூல வெளியீடுகளும்தான். அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். சில நாளில் காரணம் பிடிபடவில்லை என்றால், பேட்சைத் திரும்பப் பெறும் மடலை நீங்களே அனுப்பிவிட்டு, அடுத்த சுற்றில் சரிசெய்த வடிவத்தோடு வாருங்கள்.